கனிபா பார்த்தது

சாரிஜல் அருங்காட்சியகத்தின் மாடிக் கூடம் வெகுநாளாகச் சும்மா கிடந்தது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் அங்கே பரிசு வாங்கிய செம்மறிகளின் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். பிறகு உடைந்த நாற்காலிகள் வந்து சேர்ந்தன. தலைநகரில் படித்துவிட்டு வந்து புதிதாகப் பொறுப்பேற்ற ஜனார், அந்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வானத்திலிருந்து வந்தவற்றை எல்லாம் அங்கே வைக்கப் போவதாகச் சொன்னாள். அவளிடம் ஒரு விண்கல் இருந்தது. புல்வெளியில் விழுந்து, ஒரு மேய்ப்பர் வீட்டில் கோழிகளுக்குக் கூரையாக உழைத்த ராக்கெட் தகடு ஒன்றும் இருந்தது. மூன்றாவதாக ஒரு வேற்றுலக விண்கலம் வேண்டும். அதைச் செய்துதர ஓராஸைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

ஓராஸுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மாகாண நகரத்துப் பொம்மலாட்ட அரங்கில் மேடைக்கு வேண்டிய மாளிகைகளும் மலைகளும் செய்துகொண்டிருந்தவன். அரங்கை மூடியதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டான். அருங்காட்சியகத்தின் பாடம் செய்த ஓநாய்க்குப் பின்னால் பனிமலை வரைவான். கல்யாண மண்டபங்களுக்குத் தெர்மாகோலில் அன்னப்பறவை வெட்டிக் கொடுப்பான். அன்னப்பறவைகள் அவனுக்கு அலுத்துப் போயிருந்தன.

"விண்கலமா? இந்த ஊர்ல பஸ்ஸே ஒழுங்கா வந்து நிக்கிறதில்ல" என்றான் சிரித்துக்கொண்டே.

"அதான் நாமளே செஞ்சுக்கணும்னு சொல்றேன், ஓராஸ் அகா" என்றாள் ஜனார், அண்ணன் முறை வைத்து. "உஸின்புலாக் கிராமத்துல ஒருத்தங்க பார்த்திருக்காங்களாமே. அவங்ககிட்டப் போய்ப் பேசுங்க. நம்ம பக்கத்து ஆளு பார்த்ததுன்னு இருந்தா நல்லாருக்கும்."

உஸின்புலாக்கில் யாரைக் கேட்டாலும் கனிபாவின் வீட்டைக் காட்டுவார்கள். அவள் இளம் மருமகளாக மலை மேய்ச்சலில் இருந்த ஒரு கோடையில் எதையோ பார்த்தாள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் சொன்னதோடு சரி, அவளாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வாள். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்வாள். ஒரு தடவை பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து, "பச்சை விளக்கு ஏதாவது எரிஞ்சுதா?" என்று விதவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறான். "விளக்கு இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி அவனைத் தேநீர் குடிக்கவைத்து அனுப்பிவிட்டாளாம். அதனாலேயே ஊரில் பாதிப்பேர் அவள் சொன்னதை நம்பினார்கள். நம்பாதவர்களும் அது ராக்கெட்டின் துண்டாக இருக்கும் என்றுதான் சொன்னார்களே தவிர, கனிபா பொய் சொல்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை.

ஓராஸ் போனபோது கனிபா வெள்ளாட்டு மென்மயிரைச் சீப்பில் வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் ஓரகத்தி மருவார் உட்கார்ந்து, வாரியதை உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். இப்போது இருவருமே புருஷனை இழந்தவர்கள். அடுத்தடுத்த வீடு. பொழுது விடிந்தால் ஒருத்தி வீட்டுத் தேநீரை இன்னொருத்தி குடிக்காமல் இருக்க மாட்டாள்.

ஓராஸ் வந்த விஷயத்தைச் சொன்னதும் மருவார் சிரித்தாள். "வந்துட்டாரு பாரு, உன் பறக்குற மாமியாரப் பத்திக் கேக்க."

"நீ சும்மா இரு" என்றாள் கனிபா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கேளுப்பா. உக்காந்து நல்லாக் கேளு. ஆளுக்கு ஒரு ருசியாக் கிண்டிப் போட மாட்டா இவ. ஒரே பதம்தான்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுக்காரர் இருந்தாரே, கணக்கு வாத்தியார், அவர் கடைசிவரைக்கும் இது ராக்கெட் துண்டுன்னுதான் சொன்னாரு. நான் அவரோட எத்தன சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? எங்க கனிபாவுக்கு இல்லாதத சொல்லத் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்ட வறண்டு போச்சு."

கனிபா சீப்பை மடியில் வைத்தாள்.

"காலைல பால் கறந்து முடிச்சிருந்தேன். வெயில் ஏறுற நேரம். ஆடுங்க ஏன் ஒரே இடத்துல ஒதுங்குதுன்னு பார்த்தேன். அங்க அது நின்னுச்சு. நம்ம கம்பளிக் கூடாரம் இருக்கே, உள்ள இருக்குற மரச்சட்டத்த உருவிட்டா எப்படித் தொய்ஞ்சு விழும்? விழுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்குமே, அப்படி. நிறம் வந்து, பால் டீ ஆறிப்போனா மேல ஒரு ஆடை கட்டும்ல, அந்த நிறம். மேலெல்லாம் சுருக்கம். ஆட்டு இரைப்பையக் கழுவி விரிச்சா கட்டங்கட்டமா இருக்குமே, அது மாதிரி. விளக்கு இல்ல. சத்தம் இல்ல. ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. ஆடுங்க பயப்படல. போய் அதோட நிழல்ல படுத்துக்கிச்சுங்க."

"நீங்க பயப்படலையா, அபா?" என்றான் ஓராஸ். மூத்த பெண்களை அங்கே அபா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்குப் பாவமா இருந்துச்சு" என்றாள் கனிபா. "எங்கயோ தூரத்துல இருந்து வந்து களைச்சுப்போய் நிக்கிற மாதிரி. ஒரு கிண்ணம் மோர் ஊத்திக் கொண்டுபோய்க் கொஞ்சம் தள்ளி வச்சேன். வாசலுக்கு வந்ததுக்கு ஒண்ணும் குடுக்காம எப்படி விடுறது? அடுப்புல வேற பால் பொங்குது. ஓடிப்போய் எறக்கி வச்சுட்டு வந்து பார்த்தா, இல்ல. ஆடுங்க வெயில்ல படுத்திருந்துச்சுங்க."

அடுத்த முறை ஓராஸ் ஒரு வாளி களிமண்ணோடு போனான். அவள் சொல்லச் சொல்லச் சிறிதாக ஒன்றைப் பிடித்தான். முதலில் பிடித்தது கொஞ்சம் எடுப்பாக, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரேபோல வழிந்து வந்தது. கனிபா தலையை ஆட்டினாள்.

"அழகா செய்யாத, ஐனலாயின். அது அழகா இல்ல." ஐனலாயின் என்பது அவர்கள் பக்கத்தில் பிள்ளையைக் கொஞ்சும் சொல்.

அவளே கையை நனைத்துக்கொண்டு அதன் உச்சியை அமுக்கினாள். ஒரு பக்கத்தைத் தளர்த்தி இழுத்துவிட்டாள். விரல் நுனியால் அடியைத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள், அது புல்லின்மேல் உட்காரவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது என்று சொல்லிக்கொண்டே. மருவார் எட்டிப் பார்த்து, "ஆமா, இப்பத்தான் வருது" என்றாள், தானும் பார்த்தவள் போல.

ஓராஸ் கடைத்தெருவில் ஆட்டு இரைப்பை ஒன்றை வாங்கி வந்து, வெந்நீரில் சுரண்டிக் கழுவி, பலகையில் விரித்து அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தான். அந்த அச்சிலிருந்து மெல்லிய ரப்பர் தோல் வார்த்து, களிமண் உருவத்தின்மேல் ஒட்டி, தேயிலைத் தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்து பூசினான். கைக்குள் அடங்கும் அளவுதான். முடித்து மேசைமேல் வைத்தபோது அவன் மனைவி ஸௌலே சாப்பிடக் கூப்பிட வந்தாள். அதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன இது?" என்றாள். "என்னமோ பாவமா இருக்கே."

அதற்கு மேல் எந்தச் சான்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதோடு நின்றிருக்க வேண்டும் என்று பின்னாளில் நினைத்துக்கொள்வான்.

ஜனார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஓராஸ் அகா, தப்பா எடுத்துக்காதீங்க. புளிச்ச மாவு மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாடி ஏறி வந்து இதப் பார்த்தா என்ன சொல்லும்? விண்கலம் எங்க டீச்சர்னு கேக்கும்."

"அவங்க பார்த்தது இதுதானே."

"இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் எடுப்பா வேணும்னு நான் நினைக்கிறேன். நீங்க யோசிச்சுப் பாருங்க."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். இதுவே வேண்டும் என்று ஓராஸ் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், அவனுக்குள்ளும் வேறு ஆசை ஒன்று இருந்தது. வாலிபத்திலிருந்தே அவன் மனதில் ஒரு கலம் இருந்தது. மெல்லிய வெள்ளி உடல். மான்கொம்பு போல வளைந்து பின்னால் ஒடுங்கும் இரண்டு சிறகு. அடிவயிற்றில் வளையம் வளையமாக ஒளி. பொம்மலாட்டத்தில் அதற்கு இடமே வாய்க்கவில்லை. கல்யாண மண்டபத்தில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. ஒரு கூடம் முழுக்க அவனுக்கு விடப்பட்டிருப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் தோல் போர்த்திய உருவத்தை அலமாரிமேல் வைத்துவிட்டு, சுவரளவு காகிதத்தை விரித்து வெள்ளிக் கலத்தை வரைய ஆரம்பித்தான். ஜனார் கேட்டாள், அதனால்தான் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வசதியாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை செய்தான். ஒட்டுப்பலகையில் விலா எலும்புகள் அறுத்து, முதுகுத்தண்டில் பொருத்தி, மேலே கம்பிவலை இழுத்துக் கட்டினான். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காகப் படியவைத்தான். காய்ந்ததும் மேடுபள்ளத்தை நிரவ மக்கு பூசித் தேய்த்தான், மறுபடி பூசினான், மறுபடி தேய்த்தான். தோள்பட்டை இற்றுப்போனது. மூக்கிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள். காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் முத்துப்போல மினுங்கும் வெள்ளிச் சாயத்தை ஐந்து பூச்சு அடிக்கவைத்தான். வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது பட்டறை ஆட்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். "யோவ், இதுல ஏறிப் போயிடலாம் போலிருக்கே" என்றான் ஒருவன். ஓராஸ் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததே இல்லை. அந்த நாட்களில் கனிபாவை நினைத்தானா என்றால், நினைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தான்.

வசந்தம் வந்தது. திறப்புவிழா அழைப்பைக் கொடுக்க அவனே உஸின்புலாக்குக்குப் போனான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். கனிபா அவனுக்காக ஆடு அடிக்கச் சொல்லியிருந்தாள். இறைச்சித் தட்டு வந்தது. மருவாரும் வந்து உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், "நம்ம கனிபாவோடதச் செய்யுற ஆளு இவருதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்து கைகொடுத்தார்கள். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த துண்டைக் கனிபா தன் கையாலேயே அறுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தச் சுருக்கம் சரியா வந்துச்சா, ஐனலாயின்? அது செய்யக் கஷ்டம்னு எனக்கு மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு."

ஓராஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"வந்துச்சு, அபா."

"சாஞ்சிருக்கா?"

"சாஞ்சிருக்கு."

அவள் திருப்தியோடு அவன் கிண்ணத்தில் குழம்பை ஊற்றினாள். திரும்பி வரும்போது தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வேறு எதைச் சொல்வது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தொலைபேசியில் சொல்லிவிடலாம், அதில் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று தள்ளிவைத்தான். தொலைபேசியை எடுக்கவே இல்லை.

திறப்புவிழா அன்று உஸின்புலாக்கிலிருந்து ஒரு சிறு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கனிபா வெள்ளைத் தலைத்துணியும் நீல வெல்வெட் மேல்சட்டையும் போட்டிருந்தாள். மருவார் அவள் முழங்கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றி அழைத்து வந்தாள். மாவட்டத் துணைத்தலைவர் பேசினார். மாகாணத் தொலைக்காட்சியின் கேமரா ஒன்று நின்றது. ஓராஸ் சுவரோரமாக, பாடம் செய்த ஓநாய் போல அசையாமல் நின்றிருந்தான்.

துணியை இழுத்தார்கள். அடிவயிற்று வளையங்கள் ஒவ்வொன்றாக நீலமாக எரிந்தன. பிள்ளைகள் கத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. கலத்துக்குக் கீழே இருந்த பலகையில், ‘உஸின்புலாக் கனிபா நேரில் கண்டபடி’ என்று எழுதியிருந்தது.

கனிபா கைதட்டவில்லை. கலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினாள். ஓராஸைக் கண்டுபிடித்து, அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. புரியாமல் கேட்பது போன்ற ஒரு பார்வை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

தொலைக்காட்சிப் பெண் ஒலிவாங்கியை நீட்டினாள். "அபா, அன்னிக்கு நீங்க பார்த்தது இதுதானா?"

இல்லை என்று சொல்லட்டும், நடப்பது நடக்கட்டும் என்றுகூட ஓராஸுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இதுதான்" என்றாள் கனிபா. "தம்பி பாவம், குளிர்காலமெல்லாம் கஷ்டப்பட்டு அப்படியே செஞ்சிருக்கான்."

மறுபடி கைதட்டல். அந்தச் சத்தத்தில் மருவார் கனிபாவின் முழங்கையிலிருந்து தன் கையை எடுத்ததை ஓராஸ் மட்டும்தான் பார்த்தான்.

அந்தக் கோடையில் மாடிக் கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்து மாவட்டப் பள்ளிக்கூடங்கள் பஸ் பிடித்து வந்தன. கல்யாண ஜோடிகள் கலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உஸின்புலாக்குக்குப் போக ஓராஸுக்குக் கால் வரவில்லை. இலையுதிரும் காலத்தில், திறப்புவிழா அன்று உஸின்புலாக் பஸ்ஸை ஓட்டி வந்த டிரைவரைக் கடைத்தெருவில் பார்த்தான். கனிபா அபா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தான்.

"இருக்காங்க. ஆனா அவங்களும் மருவார் அபாவும் இப்பப் பேசிக்கிறதில்ல" என்றான் டிரைவர். "அன்னிக்குத் திரும்பிப் போறப்ப என் பஸ்லயே ஆரம்பிச்சுது. மருவார் அபா கேட்டாங்க, நிஜமாச் சொல்லு, அதுவான்னு. பஸ் முழுக்க ஆளுங்க. கனிபா அபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, அதுதான்னாங்க. அதுக்கப்புறம் ஊர் வர்ற வரைக்கும் யாரும் வாயத் திறக்கல. இப்ப ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? கனிபா இத்தன வருஷமா ஒரு கதை சொல்லிச்சு, டிவி வந்ததும் வேற கதை சொல்லிடுச்சுன்னு. பிள்ளைங்க அவங்களப் பார்த்தா நீல விளக்கு, நீல விளக்குன்னு கத்துதுங்க."

ஓராஸ் அங்கிருந்து நேரே அருங்காட்சியகத்துக்கு நடந்தான். ஜனாரின் அறையில் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். கனிபாவின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும், தன் கற்பனை என்று எழுதிவிட வேண்டும் என்றான். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தான்.

"இதுக்கா இவ்வளவு?" என்றாள் ஜனார். "நாளைக்கே மாத்திடலாம். அகா, அவங்க சொன்ன மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு பக்கத்துல வைக்கணும்னு நீங்க அன்னிக்குச் சொல்லியிருந்தாக்கூட வச்சிருப்பேனே. நீங்கதான் மறுநாளே இந்தப் படத்தக் கொண்டுவந்து காட்டினீங்க. உங்களுக்கும் இதுதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

மறுநாளே பலகை மாறியது. அந்த மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் பலகையைப் படிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து, ரப்பர் தோல் போர்த்திய அந்தச் சின்ன உருவத்தைத் தேடினான். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அடுப்புச் சூட்டில் களிமண் வெடித்து, எலி தோலைக் கடித்து, ஒரு கைப்பிடி தூளாகியிருந்தது.

முதல் பனி விழுவதற்குள் உஸின்புலாக் போய்ச் சேர்ந்தான். முதலில் மருவாரின் வீட்டுக்குப் போனான். அவள் உள்ளே விட்டாள், தேநீரும் ஊற்றினாள், ஆனால் கேலி எதுவும் பேசவில்லை. தப்பு முழுவதும் தன்னுடையது என்று அவன் சொன்னான். தன்னை அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் கனிபா அப்படிச் சொன்னாள் என்றான்.

"இது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?" என்றாள் மருவார். "டிவிக்காரிகிட்டச் சொன்னா, சரி. உன் மூஞ்சிக்காகச் சொன்னா. பஸ்ல நான் கேட்டப்ப யாரு மூஞ்சி இருந்துச்சு? எல்லாரும் சிரிச்சப்ப அவளுக்காக நான் ஒருத்தி நின்னேன்ப்பா. என் வீட்டுக்காரர் சாகுறப்பக்கூட அந்த வழக்கு முடியல. என்கிட்ட அவ ஒரு கண்ணக் காட்டியிருக்கலாம். கையை அமுக்கியிருக்கலாம். ஒண்ணும் செய்யல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

"ஒரு தடவ வாங்க, அபா. நான் களிமண் கொண்டு வந்திருக்கேன். மறுபடி செய்யப் போறேன். நீங்க பக்கத்துல இருந்தா..."

"நீ போ" என்றாள். அவன் எழுந்து வாசல் வரை போனதும், "வந்தா வரேன்" என்றாள்.

கனிபா அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து நெற்றியை முகர்ந்தாள். எப்போதும் போல ஐனலாயின் என்றாள். இளைத்திருந்தாள். அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது அவன் கையில் தட்டி நிறுத்தினாள்.

"விடு. அத்தன பேருக்கு நடுவுல உன்ன எப்படி விட்டுக்கொடுக்கிறது? என் வீட்டுல சாப்பிட்ட பிள்ள. உன் முகம் அப்ப எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

அவன் களிமண்ணை அவள் முன்னால் வைத்தான். அதைச் சுற்றியிருந்த துணியை விரித்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். "அழகா இல்லாம செய்வோம், அபா. நீங்க சொல்லுங்க."

கனிபா கையை நனைத்துக்கொண்டாள். உச்சியை அமுக்கினாள். கண்ணை மூடி யோசித்தாள். ஒரு பக்கத்தைத் தளர்த்தினாள், மறுபடி நிமிர்த்தினாள். அவள் விரல்கள் அவளையறியாமல் களிமண்ணை நீட்டிக்கொண்டே போயின. பின்னால் ஒடுங்கி, வளைந்து, இரண்டு சிறகு முளைப்பது போல வந்தது. அவள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பிசைந்து உருட்டி மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அப்படியே வந்தது.

"நிறம் என்ன அபா?" என்றான் மெதுவாக.

"பால் டீ ஆடைன்னு சொல்வேன்ல? வாயில வருது. கண்ணுல வரமாட்டேங்குது." அவள் ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ண மூடினா உன்னோடதுதான் வருது, ஐனலாயின். வெள்ளியா, விளக்கோட. ஆடுங்க வருது. மோர்க் கிண்ணம் வருது. நடுவுல அது வந்து நிக்குது. டிவில வேற எத்தன தடவ காட்டிட்டாங்க. அந்தப் பழையது எங்க போச்சுன்னே தெரியல."

அவள் அழவில்லை. வீட்டில் ஒரு சாமானை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் போலத்தான் இருந்தாள். ஓராஸால் தலை நிமிர முடியவில்லை. குளிர்காலமெல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தான் எதை அழித்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கதவு திறந்தது. மருவார் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். கனிபா அவளைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி நீட்டினாள். மருவார் வாங்கிக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று எவ்வளவு கேட்டாளோ தெரியாது. துணியின்மேல் சிறகோடு கிடந்த களிமண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றாள் கனிபா.

"நீ மலையில இருந்து ஓடி வந்தப்ப நான் மாவு பிசைஞ்சிட்டு இருந்தேன். என் கைல மாவு. நீ என் கையப் பிடிச்சு இழுத்த, உன் கையெல்லாம் மாவாச்சு. சிரிச்சியா அழுதியான்னு எனக்குப் புரியல. மொதல்ல நீ என்ன சொன்ன தெரியுமா? மருவார், அது மூச்சப் பிடிச்சிட்டு நின்னுச்சுன்னு சொன்ன."

"நானா?"

"வேற யாரு? அடியில புல்லு மடங்கலைன்னு சொன்ன. ஒரு சின்னத் தும்பி அதுமேல உக்காந்து எழுந்திரிச்சுதுன்னு சொன்ன. அத நீ வேற யார்கிட்டயும் சொன்னதில்ல, என்கிட்ட மட்டும்தான். பெரிய வயித்துப் பொம்பள இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி சாஞ்சிருந்துச்சுன்னு சொன்ன. நான் அப்ப மாசமா இருந்தேன். என்ன மாதிரியான்னு கேட்டு உன்ன அடிச்சேன்."

மருவார் களிமண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்குச் செய்யத் தெரியாது. சிறகுகளை மட்டும் பிய்த்து எடுத்து ஓராஸின் கையில் கொடுத்தாள். மிச்சத்தை அவன் பிடித்தான், அவள் சொல்லச் சொல்ல. பொழுது சாய்வதற்குள் தொய்ந்துபோன கூடாரம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. முதலில் செய்தது போல இருந்ததா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதைக் கனிபாவின் பக்கம் திருப்பி வைத்தான். இதுதானா என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அவள் எதைச் சொன்னாலும் இனி நம்ப முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

கனிபா அதைக் கவனமாகப் பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். பிறகு அதை விட்டுவிட்டு மருவாரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தும்பி உக்காந்துச்சா?" என்று கேட்டாள். "அப்புறம் நான் என்ன செஞ்சேன்?"

மருவார் சொல்ல ஆரம்பித்தாள். கனிபா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.